சிக்னலுக்குக் கிட்ட வந்து சைக்கிளை முந்துகிற அவசரம்: திருமலையில் (திருகோணமலையில்) சைக்கிள் ஓடுகிறவர்கள் என்ன செய்கிறீர்கள்?

உப்புவெளி சைக்கிள்:
எல்லோருக்கும் வணக்கம். சைக்கிளை முந்தவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களிடம் இயந்திரம் இருக்கிறது, என்னிடம் கால்தான் இருக்கிறது, முந்தத்தான் செய்வார்கள். நான் கேட்பது சிக்னல் லைட்டுக்கு முன்னால் இருக்கிற கடைசி நூறு மீற்றரைப் பற்றி மட்டும்.

தூரத்திலேயே சிவப்புத் தெரியும். முன்னால் வாகனங்கள் வரிசையாக நிற்பதும் தெரியும். அப்படித் தெரிந்தும் பின்னால் வருகிற வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு என்னை உரசுகிற மாதிரி முந்தும். முந்திய கையோடு முன்னால் நிற்கிற வாகனத்தைக் கண்டு பிரேக்கை அமத்தும், எதிரே பஸ் வருவதால் வலப்பக்கம் ஒதுங்க இடமில்லாமல் இடப்பக்கம் ஒடிக்கும். அந்த இடப்பக்கத்தில்தான் நான் போய்க்கொண்டிருப்பேன். எனக்கு மிஞ்சுவது கான் (வீதியோர வடிகால்) மூடியும் உடைந்த தார் ஓரமும் அதன் மேல் கிடக்கிற மணலும்தான்.

இதில் அவருக்கு என்ன லாபம் என்று கணக்குப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வருகிறவர் நூறு மீற்றரை ஏழு விநாடியில் கடப்பார். 15 கி.மீ. வேகத்தில் போகிற எனக்கு 24 விநாடி. லைட் இன்னும் அரை நிமிடம் சிவப்பாக இருந்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கப் போகிறோம். அவர் 17 விநாடி கூடுதலாக நிற்பார், அவ்வளவுதான். அதற்காக ஒரு மனிதனைக் கானுக்குள் தள்ளப் பார்க்கலாமா?

என் முடிவு இது: சிக்னலுக்குக் கிட்ட வரும்போது ஓரத்தை விட்டுவிட்டு லேனின் நடுவுக்கு வந்துவிட வேண்டும். பின்னால் வருகிறவருக்கு இடுக்கு இருக்கிறது என்ற ஆசையே வரக்கூடாது. நீங்கள் எல்லோரும் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கந்தளாய் ரூட்:
தம்பி, நான் பஸ் ஓடுகிறவன். உங்கள் பக்க நியாயம் விளங்குகிறது, ஆனால் எங்கள் சீட்டில் இருந்தும் ஒருதரம் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் நேரம் எழுதுகிற ஆள் இருக்கிறார். பிந்தினால் பின்னால் வருகிற பஸ்காரன் சண்டைக்கு வருவான், முந்தினால் முன்னால் போனவன் வருவான். உள்ளே இருக்கிற சனம் "என்ன அண்ணே மாட்டு வண்டி மாதிரி" என்று சத்தம் போடும். இதற்குள் நீங்கள் வீதியின் நடுவில் வந்தால், பின்னால் வருகிறவனுக்கு வேண்டுமென்றே மறிக்கிற மாதிரித்தான் தெரியும். கோபம் ஏறின டிரைவருக்கு முன்னால் சைக்கிளில் போவது உங்களுக்குத்தான் ஆபத்து.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். சிவப்பில் நிற்காமல் இடுக்கால் பூந்து போகிற சைக்கிள்கள் எத்தனை? பொழுதுபட்ட பிறகு லைட்டும் இல்லை, பின்னுக்கு ரிப்ளெக்டரும் இல்லை, போட்டிருப்பது கறுப்பு ரீ-சேர்ட். எதிர்ப் பஸ்ஸின் ஹெட்லைட் கண்ணில் அடிக்கும்போது அப்படி ஒரு ஆள் முன்னால் இருப்பது கடைசி நிமிடம் வரை தெரியாது. அதைப் பற்றியும் கதையுங்கள்.

சாம்பல்தீவு ரீச்சர்:
நானும் சைக்கிள்தான், பள்ளிக்கூடம் போவதும் வருவதும் அதில்தான். மகள் எனக்கு முன்னால் தன் சைக்கிளில் போவாள். உப்புவெளி அண்ணா சொல்கிற மாதிரி நடுவில் போக எனக்குத் துணிவு இல்லை, பிள்ளையை நடுவில் விடவும் மனம் வராது. ஹோர்ன் அடித்தால் அவளுக்கு ஹாண்டில் ஆடும். பெரியவர்களுக்கு அது வெறும் சத்தம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு, பின்னால் வருகிற பஸ் தன்னை இடிக்கத்தான் வருகிறது என்று தோன்றும், திரும்பிப் பார்ப்பாள், பார்க்கிற பக்கமே சைக்கிளும் சாயும். ஹோர்ன் அடிக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எச்சரிக்கை என்று நினைத்து அடிக்கிறீர்கள், பிள்ளை சாய்வது உங்கள் சில்லுப் பக்கம்தான்.

பஸ் ஓடுகிற அண்ணாவுக்கு: லைட் இல்லாமல் ஓடுகிறவர்களை நானும் கண்டிக்கிறேன். ஆனால் காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சீருடையில் போகிற பிள்ளையும் தெரியவில்லையா?

உப்புவெளி சைக்கிள்:
கந்தளாய் ரூட் அண்ணை, நேரம் எழுதுகிற கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தைச் சிக்னலில் பிடிக்க முடியாது. ஹபரணைப் பக்கத்து நீளமான நேர் வீதியில் பிடிக்கலாம், டவுனுக்குள் சிவப்பு லைட்டுக்கு முன்னால் என்ன பிடிக்கப் போகிறீர்கள்?

"மறிக்கிறது" என்ற பேச்சு வந்ததால் அகலத்தையும் பார்ப்போம். பஸ்ஸின் உடம்பு மட்டும் ஏறக்குறைய 2.5 மீற்றர், கண்ணாடி தனி. என் ஹாண்டில் 60 சென்ரிமீற்றர். நான் ஓரத்திலிருந்து குறைந்தது அரை மீற்றர் தள்ளி ஓட வேண்டும், இல்லாவிட்டால் கான். எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு மீற்றர் விடுங்கள், அதற்குக் குறைந்தால் காற்றே இழுத்துவிடும். கூட்டிப் பாருங்கள், 4.6 மீற்றர் வருகிறது. எங்கள் வீதிகளில் ஒரு லேன் மூன்று, மூன்றரை மீற்றர் இருந்தால் பெரிய காரியம். ஆகவே நான் ஓரத்தோடு ஒட்டிப் போனாலும் பஸ் நடுக்கோட்டைத் தாண்டாமல் என்னை ஒழுங்காக முந்த முடியாது. சிக்னலுக்குக் கிட்ட நடுக்கோடு வெட்டில்லாத கோடு, எதிரேயும் வாகனம். அந்த இடத்தில் முந்துவதற்கு இடமே இல்லை என்பதுதான் உண்மை. நான் ஓரத்தில் போனால் இல்லாத இடம் இருக்கிற மாதிரித் தெரிகிறது. நடுவில் போனால் இடம் இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது. நான் எதையும் மறிக்கவில்லை அண்ணை.

ரீச்சர், பிள்ளையோடு போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு யோசனை: மகளுக்குப் பின்னால் போகும்போது அவளை விட ஒரு முழம் வலப்பக்கமாக ஓடுங்கள். பின்னால் வருகிற வாகனம் உங்களைத்தான் சுற்ற வேண்டும், அவளுக்குப் பக்கத்தில் இடம் தானாகவே வரும்.

லிங்கநகர் ஓட்டோ:
நானும் ஒரு விசயம் சொல்கிறேன். டவுனுக்குள் ஓட்டோவுக்கு 40 தான் வேகம், அதனால் நாங்கள் பெரிதாகப் பறக்கிற ஆட்கள் இல்லை. எங்களுக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். ஒரு சைக்கிளைக் கஷ்டப்பட்டு இடம் பார்த்து முந்தி வருகிறோம். சிவப்பில் நிற்கிறோம். அந்த ஆள் இடப்பக்க இடுக்கால் வந்து எல்லோருக்கும் முன்னால் போய் நிற்பார். பச்சை விழுந்ததும் அதே ஆளைத் திரும்ப முந்த வேண்டும். அடுத்த சந்தியிலும் அதே கதை. இதைக் கொஞ்சம் விடலாம்தானே?

சீனன்குடா ரைடர்:
ஏன் விட வேண்டும் அண்ணா? சைக்கிளுக்கு இருக்கிற ஒரே நன்மை இடுக்கால் போகலாம் என்பதுதான். வரிசைக்கு முன்னால் போய் நின்றால் எல்லா டிரைவருக்கும் நான் தெரிவேன். பச்சை விழுந்ததும் இரண்டு மிதி, சந்திக்கு அங்கால போய்விடுவேன். நான் கியர் சைக்கிள். வாகனங்களுக்கு நடுவில் நின்று புகை குடிப்பதை விட அது நல்லது.

பழைய லேர்னர்ஸ் மாஸ்டர்:
பிள்ளைகளே, கன காலம் வாகனம் ஓடப் பழக்கின ஆள் நான், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

சீனன்குடாத் தம்பி, வரிசை முழுவதும் கார் என்றால் நீங்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. முன்னால் பஸ்ஸோ லொறியோ கொள்கலன் வண்டியோ நின்றால் அந்த இடுக்குக்குள் போகவே வேண்டாம். எங்கள் நாட்டில் டிரைவர் இருப்பது வலப்பக்கத்தில். உயரமான வண்டியில் அவருடைய இடப்பக்க முன் மூலையில் ஒரு ஆள் முழுதாக மறைந்துவிடுவார். சைக்கிளும் மறையும், மோட்டார் சைக்கிளும் மறையும். நான் பழக்குகிற காலத்தில் மாணவரை சீட்டில் இருத்திவிட்டுக் கீழே இறங்கி அந்த மூலையில் போய் நிற்பேன். "மாஸ்டர் எங்கே?" என்று கேட்பார்கள். கண்ணாடியில் தேடுவார்கள், தலையைத் திருப்பித் தேடுவார்கள், நான் கையை நீட்டினால் பொனற்றைத் தொடலாம், அவ்வளவு கிட்ட நிற்பேன்.

அதோடு நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின் சில்லு முன் சில்லு போன வழியில் போகாது, உள்ளுக்கு வெட்டிக்கொண்டு வரும். முன் பக்கம் உங்களை விட்டு விலகிப் போகிற மாதிரி இருக்கும், அடுத்த விநாடி நடு உடம்பு உங்கள் மேல் வரும். அந்த நேரம் நீங்கள் ஓடவும் முடியாது, ஏனென்றால் மறுபக்கம் கான் கட்டு. சிக்னலில் பெரிய வண்டி நின்றால் அதற்குப் பின்னால் நில்லுங்கள். புகை வரும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லை, முன்னால்தான் நிற்பேன் என்றால் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு நன்றாக முன்னால் போய் நில்லுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் உங்களை அவருக்கும் தெரியாது.

இப்போது டிரைவர்மாருக்கு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. முன்னால் தடையில்லாமல் பார்வை இருந்து, மற்றவருக்கு ஆபத்து வராது என்று நிச்சயம் இருந்தால்தான் முந்தலாம் என்பது லேர்னர்ஸ் வகுப்பில் முதல் கிழமையிலேயே சொல்லிக் கொடுப்பது. வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள். லைசன் கையில் வந்த பிறகு சந்தியில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால் மனம் வெந்து போகும்.

மோசமான முந்தல் எது என்று கேட்டால், பச்சையில் நடப்பது. சைக்கிள் நேரே போகிறது, வான்காரர் இடப்பக்கம் திரும்ப வேண்டும், சைக்கிளுக்குப் பின்னால் மூன்று விநாடி பொறுக்காமல் முந்திப் போய் அதன் முன்சில்லுக்குக் குறுக்கே திரும்புவார். வானின் திரும்புகிற சிக்னலைப் போடுவதும் திரும்பத் தொடங்கின பிறகுதான். சைக்கிளில் வருகிறவர் தன் வழியில், தன் பச்சையில் வருகிறார், ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனால் விழுகிறவர் அவர்தான்.

உப்புவெளி சைக்கிள்:
மாஸ்டர், நீங்கள் கடைசியில் சொன்னதற்கு நடுவில் போவது மட்டும்தான் மருந்து. ஓரத்தில் போகிறவனைத்தான் முந்திக் குறுக்கே திரும்ப முடியும். லேனின் நடுவில் போகிறவனுக்குப் பின்னால் நின்றுதான் ஆக வேண்டும்.

லிங்கநகர் ஓட்டோ நண்பருக்கு: நீங்கள் சொன்ன எரிச்சல் நியாயம்தான். அதனால்தான் நான் இடுக்கால் முன்னுக்குப் போவதில்லை, வரிசையில் என் முறைக்கு நிற்கிறேன். ஆனால் நான் வரிசையில் நின்றால் நீங்களும் அந்த நூறு மீற்றரில் என்னை முந்தாமல் பின்னால் வர வேண்டும். நான் உங்களை ஒருதரமும் முந்த மாட்டேன், நீங்களும் என்னை சந்தி தாண்டிய பிறகு முந்துங்கள்.

கிண்ணியா துறையடி:
அஸ்ஸலாமு அலைக்கும். நான் மீன் விற்கிற ஆள், சைக்கிளில் பெட்டி கட்டி ஓடுகிறேன். நீங்கள் எல்லோரும் வெறும் சைக்கிள் கதை கதைக்கிறீர்கள், பாரம் ஏற்றின சைக்கிளின் கதை வேறு. பெட்டிக்குள் மீனும் ஐசும் சேர்ந்தால் பின்சில்லு நசியும். நின்ற இடத்தில் இருந்து எடுக்கும்போது முதல் இரண்டு மூன்று மிதிக்கு ஹாண்டில் அங்காலும் இங்காலும் ஆடும், அதைப் பிடிக்கவே தோள் வலிக்கும். ஐஸ் உருகின தண்ணி பெட்டி ஓட்டையால் வழிந்து பின் ரிம்மில் பட்டால் பிரேக் பிடிக்காது, வழுக்கும். அந்த நேரத்தில் பச்சை விழுந்த கையோடு பின்னால் ஹோர்ன் அடித்து, பக்கத்தால் உரசிக்கொண்டு போவார்கள். நான் ஆடுகிற அகலம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? இறங்கித் தள்ளினால் இன்னும் மோசம், அப்போது நானும் சைக்கிளும் சேர்ந்து இரண்டு ஆள் அகலம்.

கச்சான் காற்று (தென்மேல் காற்று) காலத்தில் நிலைமை தனி. பக்கத்தால் காற்று தள்ளிக்கொண்டே இருக்கும், நாங்கள் அதற்குச் சாய்ந்து ஓடுவோம். பஸ் முந்தும்போது காற்றை அது மறைக்கும், சாய்ந்த பக்கமே போவோம், பஸ் போனதும் திரும்ப ஒரே அடியாக அடிக்கும். கிண்ணியாப் பாலத்தில் இதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 396 மீற்றர் பாலம், 2009இல் திறந்தபோது இலங்கையிலேயே நீளமான பாலம் என்றார்கள். பாதையில் (ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவைப் படகில்) ஏறி அக்கரை போன காலத்தில் இருந்த கஷ்டத்தை நினைத்தால் அந்தப் பாலம் எங்களுக்குப் பெரிய நிஃமத்து (இறைவன் தந்த அருள்). ஆனால் பாலத்தில் ஒதுங்க இடம் இல்லை, அங்கேயும் பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கிறார்கள்.

நான் வலப்பக்கம் திரும்ப வேண்டிய சந்தியில் செய்வது: நடுவுக்குப் போவதே இல்லை. பச்சையில் நேரே போய் அந்தப் பக்க மூலையில் நிற்பேன், சைக்கிளைத் திருப்பி வைப்பேன், அந்த வீதிக்குப் பச்சை விழுந்ததும் நேரே போவேன். இரண்டு சிவப்புக்கு நிற்க வேண்டும், மீன் கொஞ்சம் பிந்தும். பரவாயில்லை. பாரத்தோடு ஓடுகிறவர்களுக்கு இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சாம்பல்தீவு ரீச்சர்:
நானா, உங்களுக்குக் கோடி புண்ணியம். இந்த வலப்பக்கம் திரும்புகிற விசயத்தை நாளைக்கே மகளுக்குக் காட்டிக் கொடுக்கப் போகிறேன். பிள்ளைகளுக்கு இதை விட இலேசான வழி இல்லை. பள்ளிக்கூடத்திலும் சொல்வேன், எங்கள் வகுப்பில் அரைவாசிப் பிள்ளைகள் சைக்கிளில்தான் வருகிறார்கள்.

மூன்றாம்கட்டையான் (லண்டன்):
ஊர்ச் சந்தியைப் பற்றிக் கதை என்றதும் வாசிக்காமல் இருக்க முடியவில்லை. இங்கே நானும் வேலைக்குச் சைக்கிளில் போகிறேன். லண்டன் டிரைவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம், இங்கேயும் கெட்ட வார்த்தை கேட்டிருக்கிறேன். ஆனால் மூன்று விசயம் எழுத்தில் இருக்கிறது, அதனால் வித்தியாசம் வருகிறது.

2022 ஜனவரியில் இங்கத்தைய வீதி ஒழுங்குப் புத்தகத்தைத் திருத்தினார்கள். மணிக்கு 30 மைல், அதாவது 48 கி.மீ. வரை போகும்போது சைக்கிளுக்குக் குறைந்தது ஒன்றரை மீற்றர் விட்டு முந்த வேண்டும், வேகம் கூடினால் இன்னும் கூட விட வேண்டும். அதே திருத்தத்தில், சந்திக்குக் கிட்ட வரும்போது சைக்கிள்காரர் லேனின் நடுவில் ஓடலாம் என்றும் தெளிவாகப் போட்டார்கள். உப்புவெளி அண்ணா தானாகக் கண்டுபிடித்ததைத்தான் அதில் எழுதியிருக்கிறார்கள். நேரே போகிற சைக்கிளுக்குக் குறுக்கே திரும்பக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. மாஸ்டர் சொன்ன அந்த இடப்பக்கத் திருப்பம்தான்.

இரண்டாவது, சிக்னல் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கு என்று ஒரு பெட்டி கீறி, உள்ளே சைக்கிள் படம் வரைந்திருப்பார்கள். வாகனம் பின்கோட்டில் நிற்கும், சைக்கிள் முன்கோட்டில். பச்சை விழும்போது சைக்கிள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கும். வெறும் பெயின்ற் செலவுதான். மூன்றாவது, பெரிய லொறிகளுக்கு டிரைவரின் நேரடிப் பார்வை எவ்வளவு என்று தரம் பிரித்து, 2021 மார்ச்சில் இருந்து அந்த அனுமதி இல்லாமல் லண்டனுக்குள் ஓடினால் தண்டம். அவ்வளவுக்குச் சந்தியில் சைக்கிள்காரர்கள் லொறிக்குக் கீழே போய்ச் செத்திருக்கிறார்கள்.

கந்தளாய் ரூட்:
லண்டன் தம்பி, அங்கே வீதியும் வேறு, சம்பளமும் வேறு. அங்கே டிரைவர் ஓட்டத்துக்கு இவ்வளவு என்று காசு எடுப்பதில்லை. ஆனால் அந்தப் பெட்டி கீறுகிற விசயம் எனக்குப் பிடித்திருக்கிறது. சைக்கிள் எங்கே நிற்கும் என்று தெரிந்தால் எங்களுக்கும் தலையிடி குறைவு. என் பிரச்சினையே நீங்கள் எந்தப் பக்கத்தால் வருவீர்கள் என்று தெரியாததுதான். ஒருவர் வலப்பக்கத்தால் வருகிறார், ஒருவர் இடப்பக்கத்தால், ஒருவர் எதிர்ப்பக்கத்தால்.

மாஸ்டர் சொன்ன மூலை முழு உண்மை. எங்கள் பஸ்ஸில் அந்த மூலைக்குக் கண் கொண்டக்டர்தான். முன் வாசலில் நிற்கும்போது கீழே சைக்கிள் நின்றால் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டு என்று பொடியனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தட்டினால் நான் எடுக்க மாட்டேன். ஆனால் சனம் நிறைந்தால் அவன் உள்ளே ரிக்கற் போடப் போய்விடுவான், அப்போது அந்தக் கண்ணும் இல்லை.

நடுவில் வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். திடீரென்று வராதீர்கள். வர முதல் திரும்பிப் பாருங்கள், கையை நீட்டுங்கள். கை நீட்டின சைக்கிளை இடிக்கப் போகிற டிரைவர் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு சொல்லும் இல்லாமல் வெட்டுகிறவனைத்தான் பயம்.

சீனன்குடா ரைடர்:
பெரிய வண்டிக்குப் பக்கத்தில் போக வேண்டாம் என்று மாஸ்டர் சொன்னதை ஏற்கிறேன். மற்றபடி என் கருத்து அதேதான், கார் வரிசை என்றால் முன்னுக்குப் போவேன். ஒரு கேள்வி: உரசிக்கொண்டு போகிறவரை அடுத்த சிக்னலில் பிடித்துக் கேட்கலாமா? எனக்குக் கண்ணாடியைத் தட்டிக் கேட்க வேண்டும் போல கை துடிக்கும்.

உப்புவெளி சைக்கிள்:
வேண்டாம் தம்பி. கையை வாகனத்தில் வைக்காதீர்கள். நீங்கள் தட்டின உடனே கதை மாறிவிடும், அவர் செய்தது எல்லாம் மறைந்து, நீங்கள் தட்டினதுதான் நிற்கும். அவர் இறங்கினால் சண்டை, இறங்காவிட்டால் அந்தக் கோபத்தோடு அடுத்த சைக்கிளை உரசுவார், அது ரீச்சரின் மகளாகக்கூட இருக்கலாம். இலக்கத்தைப் பாருங்கள், நேரம், இடம் எழுதி வையுங்கள். உண்மையாகவே தட்டி விழுத்திவிட்டு ஓடினால் பொலிசுக்கு 119இல் கோல் எடுங்கள், காயம் என்றால் 1990 அம்புலன்ஸ், அதற்குக் காசு இல்லை.

நடுவுக்கு வருகிற முறையையும் எழுதுகிறேன், கந்தளாய் ரூட் அண்ணை சொன்னதோடு சேர்த்து வாசியுங்கள். லைட் கண்ணுக்குத் தெரிந்ததுமே யோசிக்கத் தொடங்க வேண்டும், கிட்ட வந்த பிறகு யோசித்தால் பிந்திவிட்டது. நாற்பது, ஐம்பது மீற்றர் இருக்கும்போது வலத் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பேன். பின்னால் வாகனம் வேகமாக வந்தால் அதைப் போக விடுவேன், 50 கி.மீ. வேகத்தில் வருகிறவர் பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி எடுத்தால் அதற்குள்ளேயே 14 மீற்றர் வந்துவிடுவார், அவருக்கு முன்னால் போய் விழக் கூடாது. இடைவெளி வந்ததும் வலக்கை நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே கோடாக நடுவுக்கு வருவேன். வந்த பிறகு நேராக ஓட வேண்டும், வளைந்து வளைந்து ஓடினால் பின்னால் வருகிறவர் இடுக்குப் பார்க்கத் தொடங்குவார். நிற்கும்போது முன் வாகனத்துக்கு நேர் பின்னால், வலது பெடலை மேலே வைத்துக்கொண்டு நிற்பேன், எடுத்த முதல் மிதியிலேயே சைக்கிள் நேராகப் போகும். சந்தி தாண்டி வீதி அகன்றதும் திரும்ப ஓரத்துக்கு வந்து, பின்னால் பொறுத்து வந்தவருக்குக் கை காட்டிப் போக விடுவேன். அந்தக் கை காட்டுவது கட்டாயம். பொறுத்து வந்த மனிதருக்கு அந்த மரியாதை இருந்தால்தான் நாளைக்கும் பொறுப்பார்.

பச்சை மாறப் போகிற நேரத்தில் ஓடிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். இருபது மீற்றர் அகலச் சந்தியைக் கடக்க நமக்கு ஐந்து விநாடி வேண்டும். மஞ்சள் அதற்கு முன்பே முடிந்துவிடும், குறுக்கு வீதிக்காரர் அதற்குள் எடுத்துவிடுவார்.

லிங்கநகர் ஓட்டோ:
2022இல் பெற்றோல் வரிசையில் நாள் கணக்காகக் கிடந்த நேரம் எங்கள் வீட்டிலும் சைக்கிள்தான் ஓடியது. அப்போது டவுன் முழுக்க சைக்கிள், ஒருவரும் ஹோர்ன் அடித்ததாக ஞாபகம் இல்லை. கியூஆர் (கோட்டைக் காட்டி அளவாக எண்ணெய் எடுக்கிற முறை) வந்து எண்ணெய் கிடைக்கத் தொடங்கினதும் திரும்ப இந்த அவசரம் வந்துவிட்டது. சந்தி தாண்டிய பிறகு முந்துகிற விசயம் சரி, என்னால் முடியும். ஹயரில் இருக்கிற ஆள் ரெயினுக்கு ஓட வேண்டும் என்று நெருக்கினால் என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறேன்.

பழைய லேர்னர்ஸ் மாஸ்டர்:
ரெயினுக்குப் பிந்தினால் அடுத்த நாள் போகலாம் தம்பி. ஸ்ரியரிங் உங்கள் கையில், பின்னால் இருக்கிறவர் கையில் இல்லை.

உப்புவெளி சைக்கிள்:
ஒரு விசயம் எல்லோரும் கவனித்திருப்பீர்கள். கோட்டைப் பக்கத்தில், பஸ் நிலையத்தடியில் மான்கள் வீதிக்கு வந்தால் எல்லா வாகனமும் மெதுவாகும், ஹோர்ன்கூட அடிக்க மாட்டார்கள். அது எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது என்பது டிரைவருக்கு விளங்குகிறது. மீன் பெட்டி கட்டின சைக்கிளும், பதினொரு வயதுப் பிள்ளையின் சைக்கிளும் அப்படித்தான், எந்தப் பக்கம் சாயும் என்று அவர்களுக்கே தெரியாது. மானுக்கு விடுகிற இடத்தை இவர்களுக்கும் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். திருமலை டிரைவர்களுக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இருக்கிறது, நாங்கள் தினமும் கண்ணால் காண்கிறோம்.

லண்டன் தம்பி சொன்ன பெட்டி விசயத்தைக் கடிதமாக எழுதலாம் என்று நினைக்கிறேன். ஏ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, ஆகவே முதல் கடிதம் அங்கே, பிரதி போக்குவரத்துப் பொலிசுக்கு. 4.6 மீற்றர் கணக்கையும் பஸ் டிரைவரின் கருத்தையும் சேர்த்தே எழுதுவேன். சைக்கிள்காரர் மட்டும் கேட்டால் எடுபடாது. கந்தளாய் ரூட் அண்ணை, உங்கள் கையெழுத்தும் வேண்டும்.

கந்தளாய் ரூட்:
எழுதுங்கள், போடுகிறேன். பின் லைட் கட்டாயம் என்பதையும் அதில் சேருங்கள், அது இல்லாமல் நான் போட மாட்டேன்.

உப்புவெளி சைக்கிள்:
சேர்க்கிறேன் அண்ணை. பற்றரியில் எரிகிற சிவப்பு லைட்டுக்குப் பெரிய காசும் இல்லை.

சாம்பல்தீவு ரீச்சர்:
எங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். சீனன்குடாத் தம்பி, சைக்கிளுக்குக் கண்ணாடி பூட்டலாம் என்று கேள்விப்பட்டேன். மகளுக்குத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் தெரிந்தால் நல்லது. எந்தப் பக்கம் பூட்டுவது?

சீனன்குடா ரைடர்:
வலப்பக்கம் ரீச்சர், ஹாண்டில் நுனியில். வாகனம் வருவது அந்தப் பக்கம்தானே. மோட்டார் சைக்கிள் கண்ணாடி வாங்க வேண்டாம், பாரம் கூட, ஆடும். சின்னதாக, உருண்டையாக, கொஞ்சம் புடைத்த கண்ணாடி கேளுங்கள், அதில் கூடுதலான இடம் தெரியும், ஆனால் வாகனம் இருக்கிற தூரத்தை விடத் தள்ளித் தெரியும், அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். லேன் மாறுவதென்றால் கண்ணாடி பார்த்தாலும் ஒருதரம் திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். வாகனம் இல்லாத இடத்தில், மைதானத்தில் நாலைந்து நாள் பழக்கிவிட்டு வீதிக்கு விடுங்கள்.